20 சென்ட் பண்ணைக்குட்டையில் விரால் வளர்க்கலாமா?

கேள்வி இது: "தஞ்சாவூர் பக்கம் எங்களுக்கு 20 சென்ட் பண்ணைக்குட்டை இருக்கிறது. ஐந்தடி ஆழம், போர் தண்ணீர் உண்டு. இரண்டு வருடம் கட்லா, ரோகு விட்டோம், பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. விரால் எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், விலையும் கூடுதல் என்கிறார்கள். மழை பிடித்ததும் ஏரியில் குஞ்சு பிடித்து விடலாமா? கட்லாவோடு சேர்த்து விடலாமா? கோழிக்கழிவு போட்டே வளர்த்துவிட முடியுமா?"

விரால் வளர்க்கலாம். ஏரிக்குஞ்சு வேண்டாம், கோழிக்கழிவு வேண்டவே வேண்டாம், கட்லாவோடு சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மூன்றையும் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: விராலில் கைக்காசு போவது பெரும்பாலும் முதல் 45 நாளில்தான். குஞ்சுகள் ஒன்றையொன்று தின்று தீர்க்கும், இல்லையென்றால் பெல்லட் தீனிக்கு, அதாவது கடையில் விற்கும் குருணை வடிவ உலர்தீனிக்கு, பழகாமல் மெலிந்து சாகும். 2,000 குஞ்சு விட்டு 300 மீன் எடுத்தவர்களிடம் கேட்டால் தண்ணீரையோ நோயையோ காரணமாகச் சொல்வார்கள். விட்ட குஞ்சின் அளவையும் அது பழகியிருந்த தீனியையும் விசாரித்தால் உண்மைக் காரணம் தெரிந்துவிடும்.

நம் ஊரில் விரால் என்று சொல்வது சன்னா ஸ்ட்ரயேட்டா. 1793-ல் புளோக் என்ற ஜெர்மன் அறிஞர் விவரித்த மீன். இந்தியா, இலங்கை தொடங்கி தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா வரை ஆறு, ஏரி, வயல் வாய்க்கால் எல்லாவற்றிலும் இருக்கிறது. தெலங்கானாவில் கொர்ரமீனு என்ற பெயரில் அதுதான் மாநில மீன். மலேசியாவில் ஹாருவான் என்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் கொடுக்கிறார்கள். இதே குடும்பத்தில் குறவை இருக்கிறது, சிறியது, அதிகம் வளராது. அவுரி அல்லது பூவிரால் என்பது இன்னும் பெரிதாக வளரும் இனம், ஆனால் குஞ்சு கிடைப்பது கடினம். குஞ்சு விற்பவர் குறவைக் குஞ்சைக் கலந்து கொடுத்துவிடுவதும் உண்டு. குறவையின் உடம்பில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் சிதறியிருக்கும். விராலுக்கு முதுகிலிருந்து வயிற்றுப்பக்கம் சாய்வாக இறங்கும் கருப்புப் பட்டைகள் இருக்கும். விரல் நீளம் வந்த குஞ்சை வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தால் பிரித்துவிடலாம்.

"எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும்" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? விராலுக்குச் செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றை நேரடியாக உறிஞ்சும் ஓர் அறை உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு இறங்கும். அதனால் ஆக்சிஜன் குறைந்து கட்லா செத்து மிதக்கும் விடியற்காலையிலும் விரால் நிற்கும். கோடையில் குளம் வற்றினால் ஈரச்சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மழையில் ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த பள்ளத்துக்குப் போகும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த வசதிக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. மேலே வந்து காற்று எடுக்க முடியாமல் போனால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். குட்டை முழுக்க ஆகாயத்தாமரை மூடிக்கொண்டாலும், குஞ்சு கொண்டுவரும் கேனை வாய் வரை தண்ணீரால் நிரப்பி மூடினாலும், தங்கூசி வலை தண்ணீருக்கடியில் மாட்டிக்கொண்டாலும் இதுதான் நடக்கும். அடுத்து, காற்றை மேலே எடுத்துக்கொள்ளும் மீனுக்கு அம்மோனியாவிலிருந்து தப்ப வழி கிடையாது. கழிவு சேர்ந்த தண்ணீரில் அது உடனே சாகாது. தோலில் வழுவழுப்பு குறையும், சிவப்புப் புள்ளி வரும், பிறகு புண் ஆகும். சாகாமல் நிற்பதைப் பார்த்துத் தண்ணீர் நன்றாக இருப்பதாக நினைத்துவிடுகிறோம்.

இனி குஞ்சு. இயற்கையில் மழைக்காலத்தில் ஓரத் தண்ணீரில், புல்லும் பாசியும் இருக்கும் இடத்தில், ஆணும் பெண்ணும் சேர்ந்து செடிகளை விலக்கி வட்டமாக இடம் பண்ணும். முட்டை எண்ணெய்த் துளியோடு இருப்பதால் மேலே மிதக்கும், தேன் நிறத்தில் இருக்கும். 28 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள், ஒன்றேகால் நாளில் பொரித்துவிடும். குஞ்சுகள் செம்மஞ்சளாக, நூற்றுக்கணக்கில் ஒரே கொத்தாக மேலே வந்து வந்து போகும். தாயும் தகப்பனும் அடியில் நின்று ஏறக்குறைய ஒரு மாதம் காவல் காக்கும். அந்தக் கொத்தைத்தான் கொசுவலை போட்டு அள்ளுகிறார்கள், காவல் நிற்கும் பெரிய மீனையும் தூண்டிலில் எடுத்துவிடுகிறார்கள். ஒரு ஏரியில் ஒரு பருவத்தின் சந்ததி அப்படியே போய்விடுகிறது. ஏரிகளில் விரால் குறைந்துவிட்டது என்று வருத்தப்படும் நாமே அதைச் செய்யக்கூடாது.

வளர்ப்புக் கணக்கிலும் அது நஷ்டம்தான். ஏரிக்குஞ்சு உயிருள்ள தீனி தவிர எதையும் வாயில் வைக்காது. வெவ்வேறு கூட்டிலிருந்து பிடித்தவை வெவ்வேறு அளவில் இருக்கும். புண் நோயையும் ஒட்டுண்ணியையும் கூடவே கொண்டுவரும். சொந்தக் குஞ்சு வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. குட்டைக்குப் பக்கத்தில் பத்தடிக்கு ஆறடி, இரண்டு இரண்டரை அடி ஆழத்தில் ஒரு பள்ளம் எடுத்து, மூன்றில் ஒரு பங்குக்கு ஆகாயத்தாமரையும் வேலம்பாசியும் விட்டு, அரைக்கிலோவுக்கு மேல் உள்ள ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் மழைக்கு முன்னால் விடுங்கள். பெண்ணின் வயிறு உப்பியிருக்கும், கழிவுத் துளை சிவந்து வட்டமாக இருக்கும். ஆண் ஒல்லி, துளை வெளிறியிருக்கும். பெரும்பாலும் முதல் நல்ல மழையில் முட்டையிட்டுவிடும். நாள் குறித்து முட்டை எடுக்க ஹார்மோன் ஊசி முறை இருக்கிறது. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் விரால் இனப்பெருக்கத்தில் நீண்டகாலமாக வேலை செய்கிறது. ஊசி போட்டுப் பழகியவரிடம் நேரில் கற்றுக்கொள்ளாமல் அதைத் தொட வேண்டாம், தாய்மீன் வீணாகும்.

முதல் வருடத்துக்கு என் ஆலோசனை, பெல்லட் பழகிய 8 முதல் 10 செ.மீ விரலிகளை, அதாவது விரல் நீளம் வந்த குஞ்சுகளை, வாங்குவது. விலை பொடிக்குஞ்சைப் போலப் பல மடங்கு இருக்கும், கொடுங்கள். வாங்கும் இடத்தில் நேரில் நின்று பார்க்க வேண்டியவை சில. தொட்டியில் பெல்லட் போடச் சொல்லுங்கள். பழகிய குஞ்சு உடனே மேலே பாய்ந்து சப்தத்தோடு கவ்வும். "இப்போதுதான் சாப்பிட்டது" என்று சொன்னால் சாயங்காலம் வரை காத்திருந்து பாருங்கள். பிறகு ஐம்பது குஞ்சை ஒரு பேசினில் எடுத்து அளவைப் பாருங்கள். தலை பெரிதாக, உடம்பு ஒட்டிப்போய் இருப்பவை பட்டினி கிடந்தவை, அவை தேறாது. உடம்பில் பஞ்சுபோல் வெள்ளை, வால் ஓரம் அரிப்பு, சிவப்புப் புள்ளி எது இருந்தாலும் அந்தத் தொட்டியையே விட்டுவிடுங்கள்.

ஏற்றுவதற்கு முந்தைய நாள் தீனி நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறைந்த வயிற்றோடு ஏற்றினால் வழியில் கக்கித் தண்ணீரைக் கெடுக்கும். கேன் அல்லது டிரம்மில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும், மேலே காற்று இருக்க வேண்டும், மூடியில் ஓட்டைகள் வேண்டும். லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு கலந்தால் அலைச்சலைத் தாங்கும். இறக்கியதும் குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரை மணி நேரம் கலந்து, சாயங்காலத்தில் விடுங்கள்.

பொடிக்குஞ்சாகவே வாங்கி நீங்களே தேற்றுவதாக இருந்தால் அந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2 செ.மீ அளவில் ஹாப்பாவிலோ (தண்ணீருக்குள் கட்டும் வலைத்தொட்டி) தார்பாலின் தொட்டியிலோ சதுர மீட்டருக்கு 200 முதல் 300 வரை விடலாம். ஹாப்பாவில் மேல்வலை தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும், காற்றுக்கு இடம் வேண்டுமே. மூலையில் ஆகாயத்தாமரை கொஞ்சம் மிதக்க விட்டால் சிறியவை வேருக்குள் ஒளிந்து தப்பும். முதல் வாரம் நீர்ப்பூச்சி, ஆர்ட்டீமியா, டியூபிஃபெக்ஸ் புழு போன்ற உயிர்த்தீனி. அடுத்து, பொடிமீனை முள்ளோடு நன்றாக அரைத்துப் பிசைந்த விழுது, அதில் பத்தில் ஒரு பங்கு தூள்தீனி. இரண்டு நாளுக்கு ஒருமுறை தூளைக் கூட்டி விழுதைக் குறைத்துக்கொண்டே வந்து, மூன்று வாரத்தில் முழுக்க ஈரமாக்கிய பெல்லட், பிறகு காய்ந்த மிதவை பெல்லட். அவசரப்பட்டு மூன்றாம் நாளே பெல்லட் கொட்டினால் பாதிக் குஞ்சு தொடாது, மீதிப் பாதி அந்தப் பாதியைத் தின்னும்.

தின்பது என்றால் எந்த அளவுக்கு? சிறிய குஞ்சின் நீளம் பெரியதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் ஆபத்து. 10 செ.மீ குஞ்சு 6 செ.மீ குஞ்சை முழுதாக விழுங்கிவிடும். அதைவிடப் பெரியதையும் பிடிக்கப் பார்க்கும், பாதி விழுங்கித் தொண்டையில் சிக்கி இரண்டும் செத்து மிதப்பதைத் தொட்டியில் பார்க்கலாம். எவ்வளவு தீனி போட்டாலும் அளவு வித்தியாசம் இருந்தால் இது நிற்காது, தீனி குறைந்தால் இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே 10 செ.மீ வரும் வரை வாரம் ஒருமுறை சல்லடையில் தரம் பிரித்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக் கூடையில் ஒரே அகலத்தில் சந்து விட்டு மூங்கில் குச்சி கட்டினால் போதும், சிறியவை நழுவிக் கீழே போகும், பெரியவை நிற்கும். பெரியவை, நடுத்தரம், பொடி என்று மூன்று இடம் வேண்டும். ஒரே ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு பொடிக்குஞ்சு வாங்காதீர்கள். பிரிக்கும்போது கை ஈரமாக இருக்கட்டும், துணியால் பிடிக்காதீர்கள், வழுவழுப்பு போனால் பஞ்சு நோய் பிடிக்கும்.

குட்டையைத் தயார் செய்வதில் மற்ற மீனுக்கும் விராலுக்கும் பெரிய வித்தியாசம் வேலியில்தான். 20 சென்ட் என்பது சுமார் 810 சதுர மீட்டர், விராலுக்கு நல்ல அளவு. ஐந்தடி ஆழத்தில் நான்கடித் தண்ணீர் நிறுத்துங்கள். முதலில் குட்டையை வற்றவிட்டுத் தரை வெடிக்கும் வரை காயவிட வேண்டும். ஏற்கெனவே கட்லா விட்ட குட்டை என்பதால் அடிச்சேற்றில் பழைய குறவையும் கெளுத்தியும் புதைந்து கிடக்கும், மேலோட்டமாகக் காய்ந்தால் சாகாது. வற்ற வைக்க முடியாவிட்டால் ஓரடித் தண்ணீர் வரை இறைத்துவிட்டு இலுப்பைப் புண்ணாக்கை முந்தின நாள் ஊறவைத்துக் கரைத்து ஊற்றுங்கள். மூன்றடித் தண்ணீருக்குச் சென்ட்டுக்கு 10 கிலோ என்ற கணக்கு, ஓரடிக்கு உங்கள் குட்டைக்கு 60, 70 கிலோ வரும். அதன் விஷம் இறங்க மூன்று வாரம் விட வேண்டும். பிறகு சென்ட்டுக்கு ஒரு கிலோ வீதம் 20 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு.

வேலிக்கு வருகிறேன். புது மழைத் தண்ணீர் கரை வழியாகச் சலசலத்து இறங்கினால், அந்த ஓட்டத்தை எதிர்த்து விரால் ஏறும். ஓர் இரவு மழையில் குட்டையில் இருந்த நல்ல மீனெல்லாம் வயலுக்குப் போன கதை டெல்டாவில் புதிதல்ல. கரையின் மேல் சுற்றிலும் மூன்று நான்கு அடி உயர வலை, அடிப்பாகம் ஓரடி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், மேல்பாகம் உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வெளித்தண்ணீர் உள்ளே வராதபடி கரையை அரையடியாவது உயர்த்துங்கள். போர் தண்ணீர்க் குழாயின் வாய் தண்ணீரைத் தொடாமல் உயரத்தில் இருக்கட்டும். மடை வாயில் இரட்டை வலை. மேலே நீர்க்காகத்துக்குக் குறுக்கு நூல் கட்டாமல் விட்டால், தீனிக்கு மேலே வந்து பழகிய குஞ்சை அது வரிசையாக எடுத்துவிடும். காவிரிக் கரையோரம் என்றால் நீர்நாயும் வரும், அதற்கு இந்த வேலி வலை தாங்காது, அடிப்பகுதிக்குக் கம்பி வலை போட வேண்டியிருக்கும். நீர்நாய் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, பொறி வைக்கக் கூடாது. குட்டையின் ஒரு ஓரத்தில் மூங்கில் சட்டம் கட்டி அதற்குள் மட்டும் ஆகாயத்தாமரை விடுங்கள், மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

எத்தனை விடுவது? வியட்நாமில் சதுர மீட்டருக்கு முப்பது, ஐம்பது என்று விடுகிறார்கள். அங்கே தினமும் ஆற்றுத் தண்ணீரை மாற்றுகிறார்கள். போர் தண்ணீரை நம்பியிருக்கும் உங்களுக்கு முதல் வருடம் சென்ட்டுக்கு 100, மொத்தம் 2,000 போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே அளவில் விட வேண்டும். "செத்ததற்குப் பதிலாக" என்று ஒரு மாதம் கழித்து 500 குஞ்சு வாங்கி விடுவது பெரிய மீனுக்குத் தீனி வாங்கிப் போடுவதுதான்.

தீனி விஷயத்தில்தான் கோழிக்கழிவு வருகிறது. கடையில் சும்மா கிடைக்கிறது, விராலும் பாய்ந்து தின்னும். குடலும் தோலும் பெரும்பாலும் கொழுப்பு. தின்ற மீனின் வயிற்றைக் கீறினால் ஈரல் வெளிறி, குடலைச் சுற்றி மஞ்சள் கொழுப்பு அப்பியிருக்கும், அப்படிப்பட்ட மீன் ஏற்றும்போதும் இறக்கும்போதும் பொட்டென்று சாகும். மீதமாகும் கழிவு அடியில் அழுகி அம்மோனியா ஆகும், கிருமி பெருகும். வாங்குகிற வியாபாரி குட்டையைப் பார்த்துவிட்டால் விலையையும் குறைப்பான். கடல் பொடிமீன் பரவாயில்லை, ஆனால் ஒரு கிலோ விராலுக்கு நான்கு கிலோவுக்கு மேல் செலவாகும். மத்தி போன்ற சில மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருப்பதால் நாள்கணக்கில் பச்சையாக அதையே போட்டால் மீன் தலைசுற்றி நீந்தும், வேகவைத்தால் அந்த நொதி அழியும். கம்போடியாவில் மீக்காங் ஆற்றின் பொடிமீன்களையெல்லாம் விரால் பண்ணைக்கே அள்ளிப் போடுகிறார்கள் என்பதால் 2004-ல் அரசு விரால் வளர்ப்பையே தடை செய்தது. பெல்லட் தீனிக்குப் பழகிய குஞ்சு வந்த பிறகு, 2016-ல்தான் தடை நீங்கியது. பெல்லட்டை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் காரணம்.

மிதவை பெல்லட் வாங்குங்கள், எவ்வளவு தின்றது என்று கண்ணால் பார்க்க முடியும். விரலிக்குப் புரதம் 40 முதல் 45 சதவீதம், 200 கிராம் தாண்டியதும் 35 முதல் 40 போதும். கெண்டைக்கு விற்கும் 24, 28 சதவீதத் தீனியில் விரால் வளராது, பையில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். பெல்லட்டின் குறுக்களவு வாயின் அகலத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், விரலிக்கு 1.5 முதல் 2 மி.மீ, கால்கிலோ மீனுக்கு 4 மி.மீ என்று போகும். அளவு: 20 கிராம் வரை உடல் எடையில் 6 முதல் 8 சதவீதம், 100 கிராம் வரை 5, 300 கிராம் வரை 3, அதற்கு மேல் 2. உதாரணத்துக்கு, சராசரி 200 கிராமில் 1,600 மீன் நிற்கிறது என்றால் மொத்தம் 320 கிலோ, 3 சதவீதம் என்றால் நாளைக்கு 9.6 கிலோ. அதை விடியற்காலையிலும் சாயங்காலமும் பிரித்துப் போடுங்கள். விரால் மங்கல் வெளிச்சத்தில் நன்றாகத் தின்னும், நடுப்பகலில் போடுவது வீண். ஒரே இடத்தில், மூங்கில் சட்டம் மிதக்கவிட்டு அதற்குள் போடுங்கள். இருபது நிமிடத்தில் மிச்சம் நின்றால் மறுவேளைக்குக் குறையுங்கள். மழை மூட்டமான நாளில் பாதி போதும். மாதம் ஒருமுறை முப்பது மீன் பிடித்து எடை போட்டுக் கணக்கைத் திருத்தாமல் மூன்று மாதம் ஒரே அளவு போட்டுக்கொண்டே போவது பரவலாக நடக்கிறது, அங்கேதான் சிலது பெருத்து மற்றவற்றைத் தின்னத் தொடங்கும்.

கட்லாவோடு சேர்ப்பது பற்றி. கட்லா, ரோகு குஞ்சுகளும் விராலும் ஒரே நேரத்தில் போகக் கூடாது. கெண்டைகள் 100, 150 கிராமுக்கு வளர்ந்த பிறகு, 8 செ.மீ விரலி விராலைச் சென்ட்டுக்கு 5 வீதம் விடலாம். அப்போது விரால் தொந்தரவு செய்யாது. குட்டையில் தானாகப் பெருகும் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு, கெண்டைப்பொடி, தவளைக்குஞ்சு எல்லாவற்றையும் தின்று, கெண்டையின் தீனிக்குப் போட்டி இல்லாமல் செய்யும். தனித் தீனி செலவில்லாமல் வருட முடிவில் கொஞ்சம் விராலும் கிடைக்கும். ஜிலேபி நிறைந்து சிறுத்துப்போன குட்டைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. உங்களுக்குக் கட்லாவில் லாபம் நிற்காததற்கு அந்தக் கலப்பு மீன்கள்தான் காரணமாக இருந்தால், முதலில் இந்த வழியை முயன்று பார்ப்பது நல்லது.

நோயில் மற்ற எல்லாவற்றையும் விடப் புண் நோய் முக்கியம். அஃபனோமைசஸ் இன்வடன்ஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி தோலுக்கடியில் புகுந்து சதையைத் தின்னும். 1988 வாக்கில் இந்தியாவுக்குள் வந்தது, அதையொட்டி இலங்கையிலும் பரவியது, இரண்டு இடத்திலும் அதிகம் அடிபட்டது விரால் இனம்தான். முதலில் செதிலுக்கடியில் சிவப்புப் பொட்டு, பிறகு காசளவுப் புண், பிறகு முதுகெலும்பு தெரியும் பள்ளம். விரால் அந்த நிலையிலும் நீந்திக்கொண்டிருக்கும், தன் புண்ணால் மற்றவற்றுக்கும் பரப்பும். வடகிழக்கு மழை முடிந்து தண்ணீர் குளிரும் கார்த்திகை முதல் தை வரைதான் இதன் காலம், தண்ணீரில் காரத்தன்மை குறைந்திருந்தால் வேகம் அதிகம். ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பே சென்ட்டுக்கு ஒரு கிலோ சுண்ணாம்பைக் கரைத்து ஆறவைத்துத் தெளியுங்கள், மழை நின்றதும் அரைக்கிலோ. வயல் வடிகால் தண்ணீரை அந்த மாதங்களில் உள்ளே விடவே கூடாது. அடுத்தவர் குட்டையில் இழுத்த வலையை வெயிலில் காயப்போடாமல் உங்கள் குட்டையில் இறக்கக் கூடாது. நோய் வந்துவிட்டால் புண் பட்டதையெல்லாம் எடுத்துப் புதைத்துவிட்டு, தீனியைப் பாதியாக்கி, சிஃபாக்ஸ் மருந்தை ஹெக்டேருக்கு மூன்றடித் தண்ணீருக்கு ஒரு லிட்டர் கணக்கில் தெளிக்கலாம். 20 சென்ட்டுக்கு, நான்கடித் தண்ணீரில், சுமார் 100 மில்லி வரும். கடைக்காரர் சொன்னார் என்று ஆன்டிபயாடிக்கைத் தீனியில் கலக்காதீர்கள். இந்தப் பூஞ்சைக்கு அது வேலை செய்யாது, குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்றவை மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை.

நான்காம் மாதத்துக்கு மேல் வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை அடிமட்டத்திலிருந்து வெளியேற்றிப் புதிதாக நிரப்புங்கள். வெளியேறும் தண்ணீர் உங்கள் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம். ஆற்றுக்கோ பொது வாய்க்காலுக்கோ விட வேண்டாம்.

எட்டு முதல் பத்து மாதத்தில் சராசரி 600 கிராம் எதிர்பார்க்கலாம். 2,000-ல் 65 சதவீதம் தேறினால் 1,300 மீன், 780 கிலோ. ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிலோ தீனி என்றால் 1,170 கிலோ தீனி. கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,17,000 ரூபாய், அதாவது ஒரு கிலோ மீனுக்குத் தீனிச் செலவு மட்டும் 150. குஞ்சு, வலை, சுண்ணாம்பு, கரண்ட் செலவை இதோடு கூட்டி, உங்கள் ஊர் வியாபாரி உயிர்மீனுக்கு என்ன கொடுப்பான் என்பதைக் குஞ்சு வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரசு மானியத்துக்குப் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் என்று விதி இருக்கிறது. குட்டை யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். வேலை தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் சிக்கல் வரும்.

பிடிக்கும்போது இழுவலையை நம்பாதீர்கள். வலையின் அடிக்கயிறு நெருங்கும்போதே விரால் சேற்றில் தலையைப் புதைத்துக்கொள்ளும், வலை அதன் மேல் நழுவிப் போகும். இரண்டு மூன்று இழுப்பில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது. பகுதி பகுதியாக விற்பதாக இருந்தால் தீனி சட்டத்துக்கடியில் முன்பே ஒரு விரிவலையைப் போட்டுப் பழக்கி, தீனி நேரத்தில் தூக்குவது சுலபம். கடைசி அறுவடைக்குத் தண்ணீரை முழுக்க இறைத்து, ஒரு மூலையில் வெட்டிய பள்ளத்துக்கு ஒதுக்கிக் கையால் எடுக்க வேண்டும். இறைத்த மறுநாள் காலையில் ஒருமுறை சேற்றை மிதித்துப் பார்த்தால் ஒளிந்திருந்தவை காற்றுக்கு வாயைத் தூக்கும், அவற்றையும் எடுத்துவிடலாம். எடுத்ததைச் சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் தீனி இல்லாமல் ஒரு நாள் வைத்தால் சேற்று வாடை குறையும். ஈரச்சாக்கு விரித்த கூடையில் அடுக்கி மேலே இன்னொரு ஈரச்சாக்கு மூடினால் சில மணி நேரத்துக்குச் சந்தை வரை உயிரோடு போய்ச் சேரும், செத்த விராலுக்கும் துள்ளும் விராலுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.